ஜனாதிபதியை நீக்கும் கையொப்பம்

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இலங்கையில் வாழ்ந்த காலத்தில் ஓர் இலட்சம் ரூபாயைப் பந்தயமாக வைத்திருந்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளுக்கு உட்பட்டு எந்தச் சாமியாராவது ஓர் அற்புதத்தைச் செய்து காட்டட்டும், பணத்தை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். 1978 செப்டெம்பரில் அவர் கண்மூடும்வரை ஒருவரும் அதை எடுத்துப் போகவில்லை. அதே மாதத்தில்தான் ஜே. ஆர். ஜெயவர்தனவின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. கோவூர் இன்னும் சில காலம் இருந்திருந்தால் இரண்டாவது பந்தயமொன்றையும் வைத்திருக்கலாம்: அந்த அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரையின் கீழ் பதவியிறக்கப்பட்ட ஒரேயொரு ஜனாதிபதியைக் காட்டுங்கள். இதுவரை ஒன்பது பேர் அந்த நாற்காலியைக் கண்டுவிட்டார்கள். இந்தப் பணமும் அப்படியே கிடந்திருக்கும்.

சாமியாரைச் சோதிக்கத் துணிந்தவர்கள் பலர் சட்டப் புத்தகத்தை மட்டும் சோதிக்காமல் நம்பிவிடுகிறார்கள். "அரசியலமைப்பில் அதற்கு வழி இருக்கிறது" என்று யாராவது சொன்னால் மனம் ஆறிவிடுகிறது. வழி இருக்கிறதுதான். அதில் இதுவரை யார் நடந்தார்கள், நடக்க வந்தவர்களை மறித்தது யார் என்றுதான் கேட்க வேண்டும். என் விடை பலருக்கு உவப்பாக இராது. மறித்து நிற்பவர்களின் வரிசையில் வாக்காளராகிய நாமும் நிற்கிறோம். கொழும்பில் நின்று பார்த்தால் இது தெரியாது. மாத்தளை மாவட்டத்தின் கிழக்கில், நக்கிள்ஸ் மலைக்கு அப்பால் இருக்கும் லக்கலயில் நின்று பார்த்தால் தெரியும்.

முதலில் அந்த வழியைப் பார்ப்போம். ஜனாதிபதி வேண்டுமென்றே அரசியலமைப்பை மீறினார், தேசத்துரோகம் செய்தார், இலஞ்சம் பெற்றார், பதவி அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்து ஊழல் புரிந்தார், ஒழுக்கக்கேடான குற்றமொன்றைச் செய்தார், அல்லது உடலாலோ மனத்தாலோ நிரந்தரமாக இயலாதவர் ஆகிவிட்டார் என்று இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சாட்டி ஒரு பிரேரணை கொடுக்க வேண்டும். 225 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பமிட வேண்டும். பாதிப் பேர் ஒப்பமிட்டாலும் ஏற்கலாம், ஆனால் அது விசாரணைக்குரிய குற்றச்சாட்டு என்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பிறகு 150 பேர் வாக்களித்தால் விடயம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிபதிகள் விசாரித்து, குற்றம் உண்டு என்று அறிக்கை கொடுத்தாலும் ஜனாதிபதியின் பதவி போய்விடாது. பாராளுமன்றத்தில் இன்னொரு தடவை 150 பேர் வாக்களிக்க வேண்டும். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் குற்றவாளி என்று கண்ட ஒருவரை 76 உறுப்பினர்கள் வீட்டில் படுத்துக் கிடந்தே காப்பாற்றிவிடலாம்.

அந்தக் குற்றப் பட்டியலில் மடமை இடம்பெறவில்லை. 2021இல் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார். நெல் வெளிறியது, விளைச்சல் விழுந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அரசே தடையைத் திரும்பப் பெற்றது. இலஞ்சம் ஏதும் கைமாறாதவரை இப்படியொரு முடிவு 38ஆம் உறுப்புரையின் எந்த வகுதிக்குள்ளும் வராது. ஒரு வகையில் அது நியாயம்தான். மடத்தனத்தைத் தண்டிக்கத் தேர்தல் இருக்கிறது. திருட்டுக்கும் அத்துமீறலுக்கும்தான் இந்த வழி. ஆகவே "எங்கள் வயிறு எரிகிறது, ஆளை இறக்கு" என்ற கோபத்தையும் "இவர் சட்டத்தை மீறினார், இறக்கு" என்ற குற்றச்சாட்டையும் வேறுபடுத்திப் பார்க்க வாக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு அந்த வேறுபாடு பழக்கமில்லை. அரிசி கிடைக்கும்வரை அத்துமீறலை மன்னிக்கிறோம். அரிசி தீர்ந்ததும் எல்லாவற்றையும் ஊழல் என்ற ஒரே பெயரால் திட்டுகிறோம்.

இந்த வழியில் சபாநாயகர் பிரேரணையை ஏற்கும்வரை சிலர் நடந்து போனது ஒரே ஒரு தடவைதான். 1991 ஆகஸ்டில் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராக லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க, ஜி. எம். பிரேமச்சந்திர ஆகியோர் முன்னின்று ஒப்பம் திரட்டினார்கள். மூவரும் ஜனாதிபதியின் சொந்தக் கட்சியினர். சபாநாயகர் எம். எச். மொஹமட் பிரேரணையை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து ஜனாதிபதியால் பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது. ஆனால் கூட்டத்தொடரை முடித்துவைக்க முடியும். பிரேமதாச அதைச் செய்தார். கிடைத்த இடைவெளியில் ஒப்பமிட்டவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ஒக்டோபரில், செல்லுபடியான ஒப்பங்கள் போதவில்லை என்று அதே சபாநாயகர் பிரேரணையைத் தள்ளினார். முன்னின்றவர்களைக் கட்சி விலக்கியது. அந்த விலக்கல் செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவர்கள் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். ஜனாதிபதியை நீக்கப் போனவர்களே நீக்கப்பட்டார்கள்.

இரண்டாவது வழி, தேர்தலையே செல்லாததாக்குவது. அதற்கு 1981ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல் சட்டம் இருக்கிறது. இந்த வழியைப் பற்றி மாத்தளைக்கு நேரடி அனுபவம் உண்டு. 1988 டிசம்பர் 19இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலை, அப்போது ஆயுதக் கிளர்ச்சியில் இருந்த ஜே.வி.பி. பகிஷ்கரிக்கச் சொன்னது. வாக்களிக்கப் போகிறவருக்கு மரணம் என்ற அச்சம் தெற்கிலும் மலையடிவாரத்திலும் பரவியிருந்தது. நாடு முழுவதிலும் வாக்களித்தவர்கள் 55 வீதமளவில்தான். மாத்தளை மாவட்டத்தில் அதைவிடவும் வெகு குறைவு. பிரேமதாச 50.43 வீதத்தில் வென்றார். அவரிடம் தோற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க பொதுவான அச்சுறுத்தலைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்தார். தீர்ப்பு 1992 செப்டெம்பரில் வந்தது. மனு தள்ளுபடி. அதற்குள் ஆறாண்டுப் பதவிக்காலத்தில் மூன்றரை ஆண்டுக்கு மேல் கழிந்திருந்தது.

அந்தச் சட்டத்தின் அளவுகோலைக் கவனியுங்கள். அச்சுறுத்தல் நடந்தது என்று நிறுவினால் மட்டும் போதாது. அதனால் பெரும்பான்மை வாக்காளர்கள் தாம் விரும்பியவரைத் தெரிவு செய்ய முடியாமற் போனது, அல்லது போயிருக்கலாம் என்பதையும் காட்ட வேண்டும். வராமற்போன வாக்காளர் யாரை விரும்பினார் என்று எவர் சாட்சி சொல்வது? அந்த ஆண்டுகளில் மாத்தளையில் வாக்குச்சாவடிக்கு வராதவர்களுள் சிலர் பிறகு எங்குமே வரவில்லை. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் தோண்டியபோது வெளிப்பட்ட எச்சங்கள் 150க்கும் மேற்பட்ட மனிதருடையவை. அவை எந்தக் காலத்தவை என்ற பிணக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. அந்தக் காலத்துக் காணாமற்போதல்கள் குறித்துத் தம்மீது எழும் குற்றச்சாட்டுகளை அவர் மறுத்துவந்திருக்கிறார். 30 ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பரில் அதே மாவட்டம் அவருக்குப் பெரும்பான்மை வாக்கைக் கொடுத்தது. மறுப்பை நம்பி வாக்களித்தவர்கள் இருக்கலாம். கேள்வி கேட்டுப் பார்த்து நம்பினார்களா, கேட்காமலே நம்பினார்களா? பகுத்தறிவு என்பது கோயில் வாசலில் மட்டும் காட்டும் அடையாள அட்டையாக இருந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை.

தேர்தலை நீதிமன்றம் கவிழ்ப்பது நடக்காத காரியம் என்று எண்ண வேண்டாம். கென்யாவின் உயர் நீதிமன்றம் 2017 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதித் தேர்தலைச் செல்லாததாக்கியது. வாக்களிப்பு நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மலாவியில் முடிவுத் தாள்களில் வெள்ளைத் திரவம் பூசி எண்களைத் திருத்தியிருந்தார்கள். 2020 பெப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் தேர்தலைக் கவிழ்த்தார்கள். ஜூனில் நடந்த மறுதேர்தலில் பதவியிலிருந்தவர் தோற்றார். இந்தியாவில் 1975 ஜூன் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, பதவியிலிருந்த பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றார். பதின்மூன்று நாளில் அவசரநிலை வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் தொட முடியாதபடி அரசியலமைப்பே திருத்தப்பட்டது. தீர்ப்பு எழுத ஒரு நீதிபதி போதும், அது வாழ்வதற்கு ஒரு பாராளுமன்றமும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே திரும்பத் திரும்பப் பாராளுமன்றத்துக்கே வந்து சேர்கிறோம். இந்தப் பாராளுமன்றத்துக்கு நீக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 2012 நவம்பர் தொடக்கத்தில் 117 உறுப்பினர்கள் ஒப்பமிட்டார்கள். 2013 ஜனவரி 11இல் 155க்கு 49 என்ற வாக்கில் காரியம் முடிந்தது. எழுபது நாளளவில் நாட்டின் தலைமை நீதிபதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனை நீக்க 2025 ஆகஸ்டில் 177 வாக்குகள் கிடைத்தன. நீக்கும் இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது. மேல்நோக்கி மட்டும் ஓடுவதில்லை.

கீழ்நோக்கி அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பது மாத்தளைத் தோட்டத் தமிழருக்குத் தெரியும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாடற்றவர்களானார்கள். ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் கொழுந்தும் கொக்கோவும் பறித்தவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து போயின. அந்த அநியாயத்தின் மிச்சசொச்சங்களைத் தீர்க்க 2003இலும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஒரு தேர்தலின் முடிவு பிடிக்காதபோது ஆட்சியாளர்கள் தேர்ந்தெடுத்த வழி அது. முடிவை வழக்காடிக் கவிழ்க்கவில்லை, முடிவைத் தந்த மக்களையே அகற்றினார்கள். அதற்கு எந்த நீதிமன்ற அறிக்கையும் தேவைப்படவில்லை, இரண்டாந்தடவை வாக்கெடுப்பும் தேவைப்படவில்லை.

இதற்கெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மாத்தளை ஓர் ஆட்சியாளரை அகற்றக் காரணமாக இருந்திருக்கிறது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று விதித்து, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை அல்லது அதற்கீடாகப் பணம் என்றும் சட்டம் போட்டார். ஜூலை கடைசியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டிவிட்டுக் கூட்டம் மாத்தளைக்கு இறங்கியது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 8இல் கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். காவியுடையில் இருந்த ஒரு பிக்குவும் சுடப்பட்டார். கிளர்ச்சி தோற்றது. ஆனால் கொழும்புப் பத்திரிகைகளில் தொடங்கிய கூச்சல் லண்டன் பாராளுமன்றத்தை எட்டியது. அங்கே விசாரணைக் குழு அமைந்தது. 1850இல் டொரிங்டன் பதவியை விட்டுப் போக நேர்ந்தது.

இதைச் சொல்வது வெள்ளைக்காரன் ஆட்சிக்கு நற்சான்றிதழ் கொடுக்க அல்ல. சுட்டுக் கொன்றவர்களும் அவர்களே. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டொரிங்டன் எத்தனை சர்வாதிகாரியாக நடந்தாலும் அவர் ஓர் உத்தியோகத்தர். கணக்குக் கேட்க மேலே ஓர் அவை இருந்தது. வாக்குரிமையே இல்லாத மாத்தளைக் குடிகளின் சாவு அந்த அவையில் கேள்வியானது. வாக்குரிமை பெற்ற மாத்தளைப் பிரஜைகளின் காணாமற்போதல் அவர்களே தெரிந்தனுப்பிய அவையில் எந்த ஜனாதிபதியையும் அசைக்கவில்லை. சுதந்திரம் பெற்று நாம் செய்த வேலை, திருப்பி அழைக்கக்கூடிய ஆளுநரின் இடத்தில் திருப்பி அழைக்க முடியாத அரசரை உட்கார வைத்ததுதான். அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை பதவியிலிருக்கும்வரை அவரைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து காக்கிறது. சாதகக்காரன் நாள் குறித்துக் கொடுக்கிறான். 2015 ஜனவரித் தேர்தலை மஹிந்த ராஜபக்ஷ பதவிக்காலம் முடிய இரண்டாண்டு இருக்கும்போதே அப்படித்தான் வைத்துத் தோற்றார். பலன் பொய்த்த சோதிடனைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, நாடு முழுவதற்குமான தேர்தல் நாளை ஒருவர் தம் கிரக நிலைக்கு ஏற்பக் குறிக்க விட்டிருக்கிறோமே என்று வெட்கப்படவில்லை.

2022இல் ஜனாதிபதி கோட்டாபய போனாரே என்று கேட்பீர்கள். போனார். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது. ஜூலை 9இல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13இல் அவர் மாலைதீவுக்குப் பறந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த பதவி விலகல் கடிதத்தைச் சபாநாயகர் 15இல் அறிவித்தார். இந்தக் கதையை வெற்றிக் கதையாகச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்கள் இதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்ததை மறந்துவிட்டார்கள். மே 17இல் ஜனாதிபதிமீதான அதிருப்திப் பிரேரணையை விவாதிக்க இடம் கேட்டு எதிரணி உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்தும் பிரேரணையைக் கொண்டுவந்தார். அது நீக்கும் பிரேரணை அல்ல. அதிருப்தியைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி மட்டும். 119 பேர் வேண்டாம் என்றார்கள், 68 பேர் சரி என்றார்கள். எரிவாயு வரிசையில் மக்கள் இரவைக் கழித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதே அவையில்தான் 2020 ஒக்டோபரில் அதே ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் இருபதாவது திருத்தத்துக்கு 156 வாக்குகள் கிடைத்திருந்தன. எதிரணியில் நின்று வென்ற தமிழ், முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரின் வாக்கும் அதில் சேர்த்தி. அதிகாரம் கொடுக்க 156, அதிருப்தி பேச 68. வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இந்த அவைக்காகவே சொல்லப்பட்டது போலிருக்கிறது.

ஆள் போனபின் அடுத்தவரைத் தெரிவு செய்ததும் அதே உறுப்பினர்களே. ஜூலை 20இல் ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134 வாக்குகள். இரண்டு நாள் கழித்து விடியுமுன் காலிமுகத்திடலில் போராட்டக்காரரின் கூடாரங்களைப் படையினர் பிடுங்கினார்கள். மக்கள் ஒரு மனிதரை விரட்டினார்கள், அவரைக் காத்து நின்ற கைகளை விரட்டவில்லை. 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கி, திறைசேரி உயரதிகாரிகளும் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பாளிகள், மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்த்தது. அந்தத் தீர்ப்பால் யாரும் சிறைக்குப் போகவில்லை, மக்களுக்கு நட்டஈடும் இல்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வழக்கில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பானது. ரணில் விக்கிரமசிங்க அரச பணத்தைத் தனிப்பட்ட பயணத்துக்குச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டில் 2025 ஆகஸ்டில் கைதானார். எல்லாம் பதவி போனபின். பதவியிலிருக்கும்போது இவர்களைத் தொடக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் மாவட்ட எம்பியின் பேனா.

அந்தப் பேனா லக்கலயில் யாரிடம் இருக்கிறது? 1977 வரை இந்தக் கேள்விக்கு விடை சொல்வது சுலபம். லக்கல ஒரு தொகுதி, அதற்கென்று ஓர் உறுப்பினர். விகிதாசாரத் தேர்தல் வந்தபின் லக்கல வெறும் வாக்கெண்ணும் பிரிவாயிற்று. மாத்தளை மாவட்டத்துக்கு 5 ஆசனங்கள். லக்கலக்காரருக்கு ஐந்து பேர் பொறுப்பு, அதாவது எவரும் பொறுப்பில்லை. விருப்பு வாக்குக்காக அந்த ஐவரும் தங்களுக்குள் போட்டியிடுகிறார்கள். போட்டியின் பொருள் கொள்கை அல்ல, யார் அதிகம் வாங்கித் தருவார் என்பது. மொரகஹகந்த–களு கங்கை நீர்த்தேக்கத் திட்டத்தில் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போய், புதிய லக்கல நகரம் வேறிடத்தில் எழுந்தது. ஊரையே பெயர்த்து நடும் வல்லமை படைத்த அரசோடு, பெயர்க்கப்பட்ட குடும்பம் பேசுவதற்கு இருக்கும் ஒரே வாசல் எம்பியின் அலுவலகம். காணித் துண்டு, வீதி, பிள்ளைக்கு நியமனக் கடிதம், நலன்புரி உதவிப் பட்டியலில் பெயர். அந்த வாசலில் நிற்பவருடைய கையில் எப்போதும் ஒரு விண்ணப்பம் இருக்கும்.

இங்கேதான் நீக்கல் அதிகாரம் விலை போகிறது. விண்ணப்பத்தோடு நிற்பவர் எம்பிக்கு உத்தரவிட முடியாது. எம்பி அந்த வீதியைப் பெற அமைச்சரிடம் நிற்கிறார். அமைச்சர் நிதியைப் பெற ஜனாதிபதியிடம் நிற்கிறார். சிறிசேன ஆட்சியில், அந்த நீர்த்தேக்கத் திட்டத்தை நடத்திய மகாவலி அமைச்சே ஜனாதிபதியின் கையில் இருந்தது. அமைச்சரவையை நியமிப்பவர் அவர், பணத்தைப் பிரிப்பவர் அவர், தேர்தலுக்கு முகமாக நிற்பவர் அவர். அவருக்கு எதிராக ஒப்பமிடும் எம்பி தம் வாக்காளருக்கு இனி எதையும் வாங்கித் தர முடியாதவராகிவிடுவார். அப்படிப்பட்ட எம்பிக்கு அடுத்த தேர்தலில் லக்கல வாக்களிக்குமா? உண்மையைச் சொன்னால், வாக்களிக்காது. எந்த ஊரும் வாக்களிக்காது, என் ஊர் உட்பட. அப்படியானால் அந்த எம்பியைக் கோழை என்று திட்ட நமக்கு என்ன அருகதை? நாம் கேட்ட சரக்கைத்தான் அவர் விற்கிறார்.

ஏழைக்கு வீதி வேண்டாமா, வேலை வேண்டாமா என்று யாரும் கோபிக்க வேண்டாம். வேண்டும். அவை சட்டப்படி கிடைக்க வேண்டிய உரிமைகள். அவற்றைத் தருவதற்குப் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் இருக்கின்றன. உரிமையை ஒருவரின் தயவாக வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அவருடைய ஒப்பத்தின்மீது நமக்கிருந்த உரித்தை நாமே எழுதிக் கொடுக்கிறோம். தயவு செய்தவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. சாமிக்கு நேர்த்தி வைத்தவன் சாமியை விசாரிப்பானா?

தென் கொரியாவைப் பாருங்கள். அங்கேயும் மூன்றில் இரண்டு வேண்டும், 300 பேரில் 200. 2024 டிசம்பர் 3 இரவில் ஜனாதிபதி யூன் சுக் யோல் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். சில மணி நேரத்தில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. 7ஆந் திகதி அவரை நீக்கும் பிரேரணை வந்தபோது ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பெரும்பாலும் வெளிநடப்புச் செய்து அதைத் தோற்கடித்தார்கள். அடுத்த ஒரு வாரம் நடந்ததுதான் நமக்குப் பாடம். மக்கள் பாராளுமன்றத்தின் முன் திரண்டதோடு நிற்கவில்லை. வெளிநடப்புச் செய்த உறுப்பினர்கள் பலரின் தொகுதி அலுவலகங்களையும் தேடிப் போனார்கள். சாவு வீட்டுக்கு அனுப்பும் மலர்வளையங்களை அந்த அலுவலக வாசல்களில் கொண்டுவந்து வைத்தார்கள். 14ஆந் திகதி 204 வாக்குகள் விழுந்தன. ஆளுங்கட்சிக்காரர் பன்னிருவரேனும் தலைவருக்கு எதிராக வாக்களித்திருந்தாலொழிய அந்த எண்ணிக்கை வராது. 2025 ஏப்ரல் 4இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அவரைப் பதவியிறக்கினார்கள். அதே எண்ணிக்கை விதிதான் நம்மிடமும் இருக்கிறது. அங்கே அந்த விதியின் பின்னால் வாக்காளர் நின்றார்.

அவர்களின் சட்டத்தில் நாம் கற்கவேண்டியவையும் உண்டு. பதவியிறக்க வாக்கெடுப்பு அங்கே இரகசியமானது. ஆகவே கட்சிச் சாட்டை மனச்சாட்சியை அடிக்க முடிவதில்லை. நீதிமன்றம் தீர்த்தபின் மறுபடி அரசியல்வாதிகளிடம் போவதில்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தனித் தொகுதிகளிலிருந்து வருகிறார்கள், எந்த வாசலில் மலர்வளையத்தை வைப்பது என்று மக்களுக்குத் தெரிகிறது. இலங்கையில் எல்லாம் தலைகீழ். முதலிலேயே பெயரோடு ஒப்பமிட வேண்டியிருக்கிறது, ஒவ்வொருவராக அழைத்து மிரட்டவும் விலைபேசவும் வசதியாக. இறுதி முடிவு நீதிமன்றத்தைத் தாண்டி மீண்டும் கட்சிக்கே போகிறது.

நீக்குவதை எளிதாக்கினால் நாடு ஆட்டம் காணாதா? காணும். பெருவின் அரசியலமைப்பில் "நிரந்தர ஒழுக்கத் தகுதியின்மை" என்ற வரையறையற்ற காரணம் இருக்கிறது. அதை வைத்து அங்குள்ள பாராளுமன்றம் 2020இல் ஜனாதிபதி விஸ்கார்ராவையும், 2022இல் காஸ்தியோவையும், 2025இல் பொலுவார்த்தேயையும் நீக்கியது. ஆள் மாறிக்கொண்டே இருந்தார், ஊழல் மாறவில்லை. நீக்கியவர்கள் நீக்கப்பட்டவர்களைவிடச் சுத்தமானவர்கள் அல்லர். எனவே கதவை அகலத் திறப்பது மட்டும் தீர்வாகாது. குற்றப் பட்டியல் இறுக்கமாக இருக்கட்டும். ஆனால் விசாரணைக்கு அனுப்பச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கலாம். பிரேரணை ஏற்கப்பட்டபின் கூட்டத்தொடரை முடித்துவைக்க முடியாது என்று தடுக்கலாம். அந்தப் பாராளுமன்ற வாக்கெடுப்பை இரகசியமாக்கலாம். நீதிமன்றத் தீர்ப்பே முடிவு என்றாக்கலாம். தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் தீர்க்கக் கட்டாயப்படுத்தலாம். இவற்றில் எதுவும் புரட்சி அல்ல.

இவற்றைச் செய்ய இன்றைக்கு ஒரு கட்சிக்குப் போதிய பலம் இருக்கிறது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை வென்றது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்பது அவர்களின் வாக்குறுதி. 1994இல் சந்திரிகாவும் அதைத்தான் சொன்னார், 2015இல் சிறிசேனவும் அதைத்தான் சொன்னார். 1988இல் வாக்களிக்காதே என்று துப்பாக்கியோடு சொன்ன ஜே.வி.பி. இயக்கத்தின் வாரிசுகள் இன்று வாக்கால் அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் நாற்காலியின் சட்டம் மாறவில்லை. 2020இல் மாத்தளையின் ஐந்து ஆசனங்களில் நாலு ராஜபக்ஷ கட்சிக்குப் போயின. 2024இல் ஐந்தில் நாலு தேசிய மக்கள் சக்திக்குப் போயின. ஜனாதிபதி யாரோ, அவரைக் காக்கும் ஒப்பங்களையும் அவரிடமே சேர்த்துக் கொடுக்கிறது மாவட்டம். இன்றைய ஜனாதிபதி நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். நேர்மையானவர் இருக்கும்போதுதான் நேர்மையற்றவருக்கான சட்டத்தை எழுத வேண்டும். நேர்மையற்றவர் வந்தபின் அதை எழுதப் பேனா கிடைக்காது.

ஊழல்வாதிகள் நாசமாகப் போகட்டும் என்று காளி கோயிலில் தேங்காய் உடைக்கும் வழக்கம் நம் நாட்டு அரசியல்வாதிகளிடமே உண்டு. அரசியலமைப்பை நம்பிச் சும்மா இருப்பதும் அந்தத் தேங்காயைப் போன்றதுதான். இரண்டிலும் வேறு யாரோ வந்து நமக்காக நீதி செய்வார்கள். லக்கலயிலும் ரத்தோட்டையிலும் தம்புள்ளையிலும், வவுனியாவிலும் நுவரெலியாவிலும் அடுத்த முறை விருப்பு இலக்கத்தோடு ஒருவர் வாசலுக்கு வருவார். "உங்கள் தலைவர் திருடினார் என்று சான்று வந்தால், அவரை நீக்கும் பிரேரணையில் ஒப்பமிடுவீர்களா? அதை இப்போதே எழுதித் தருவீர்களா?" என்று அவரிடம் கேளுங்கள். வீதியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். எழுதித் தர மறுப்பவருக்கும் வாக்களிப்பது உங்கள் சுதந்திரம். ஆனால் அப்படி வாக்களித்தவர், நாளைக்கு ஜனாதிபதி நாட்டை விற்கும்போது அரசியலமைப்பில் ஓட்டை இருக்கிறது என்று புலம்பக் கூடாது.